சவாரி என்ற சொல்லுக்கு ஒரு மறுப்பு

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. கற்பனையிலிருந்து வந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

என் மனைவி வேலை பார்த்த ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கடிதம். மொத்தம் ஐந்து வரி. நான்காவது வரி இது: 'விபத்தின்போது மேற்படி பயிற்சியாளர் பணியில் இல்லை; பணி முடிந்து, மாணவியின் சொந்த வண்டியில் சவாரி சென்றுகொண்டிருந்தார்.' ஐந்தாவது வரி: 'இது உண்மை என அறிவேன்.' அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே, அடைப்புக்குறிக்குள், 'கணவர்'. கோட்டின் மேல் நான் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் இறந்து ஐந்து மாதம் ஆகிறது. பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் வேலை. மாணவி ஓட்டுவார், இவள் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பாள். ஒரு வியாழக்கிழமை காலையில் அப்படி உட்கார்ந்திருந்தபோது இறந்தாள். வரும் புதன்கிழமை விசாரணை. அதற்கு முன் கையெழுத்து வேண்டுமாம்.

கதையை இப்படித் தொடங்கலாம் என்று நினைத்தேன்:

'அன்று காலை வானம்

இல்லை. வானத்தை நான் பார்க்கவில்லை.

இரண்டாவது முயற்சி:

'சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டியவள், வாசலில் ஒரு கணம் நின்று

சிரிக்கவில்லை. செருப்பு வார் அறுந்திருந்தது. எரிச்சலோடு கிளம்பினாள். ஷூ போட்டுக்கொண்டு போ என்றேன். ஷூ ஈரம் என்றாள். எங்கள் கடைசிப் பேச்சு ஷூவைப் பற்றியது. கதைகளில் வருகிறவர்கள் கடைசிப் பேச்சு என்று தெரிந்தே பேசுவார்கள். அவர்களுக்கு ஆசிரியர் சொல்லிவிடுகிறார்.

மூன்றாவது முயற்சியில் அந்தச் சொல்லிடமே போனேன். சவாரி. தமிழில் இத்தனை சொற்கள் இருக்க, இதை எடுத்து அங்கே உட்கார வைத்தது யார்?

2

[இந்தப் பகுதி கட்டுரை மாதிரி இருக்கும். பிடிக்காதவர்கள் மூன்றுக்குத் தாவலாம். மூன்றிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. இப்போதே சொல்லிவிடுகிறேன்.]

மருந்துப் பெட்டிக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருப்பார்கள். யாரும் படிக்காமல் தூக்கிப் போடும் தாள். அதைப் பிழை பார்ப்பது என் வேலை. 'அரிதாக மரணம் நேரலாம்' என்று இருந்தால் மரணத்தைப் பார்க்க மாட்டேன், எழுத்துப்பிழை பார்ப்பேன். ஆறு வருடமாக இதைச் செய்கிறவனுக்கு ஒன்று தெரிந்துவிடும். 'சில சமயம்' இருக்க வேண்டிய இடத்தில் 'அரிதாக' இருந்தால், அதற்காக எங்கோ ஒரு அறையில் நாலு பேர் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள்.

'சவாரி'யும் அப்படி வந்த சொல்தான். 'பின்னிருக்கையில் இருந்தார்' என்று எழுதியிருக்கலாம். 'சென்றுகொண்டிருந்தார்' என்று மட்டும் எழுதியிருக்கலாம். சவாரி என்று படித்ததும் கண்ணுக்கு என்ன தெரிகிறது? காற்று. பறக்கும் துப்பட்டா. விடுமுறை நாள். வேலையில் இருக்கும் ஒரு பெண் தெரிவதில்லை.

அகராதியைப் பார்த்தேன். பாரசீகத்திலிருந்து வந்த சொல். குதிரை ஏறிச் செல்லுதல். பிறகு, எந்த ஊர்தியிலும் செல்லுதல். அத்தோடு விட்டுவிட்டார்கள். தொகுத்தவருக்குப் பசித்திருக்கும். மீதியை நான் எழுதுகிறேன்.

தெருவில் எதிரே வருபவரிடம் 'எங்க சவாரி?' என்றால், எங்கே கிளம்பிவிட்டாய் என்று பொருள். பதில் தேவையில்லை. பிள்ளையை முதுகில் ஏற்றிக்கொண்டு கூடத்தைச் சுற்றினால் யானைச் சவாரி. பிள்ளைக்குச் சிரிப்பு, யானைக்கு முட்டி வலி. காசு கொடுக்காமல் போனால் ஓசிச் சவாரி. அடுத்தவர் உழைப்பில் வயிறு வளர்ப்பவர் முதுகில் சவாரி செய்கிறார். இதற்கு வண்டி வேண்டாம், குதிரை வேண்டாம், ஒரு முதுகு இருந்தால் போதும்.

இன்னொன்று இருக்கிறது. அதற்கு எந்த அகராதியிலும் சொல் கிடையாது. கணவர் ஓட்டுகிற வண்டியில் ஒரு பக்கமாகக் கால் போட்டு, மடியில் பை, பை மேல் பிள்ளை, பிள்ளை கையில் இன்னொரு பை என்று இருபது வருடம் போவது. இதைச் சவாரி என்று சொல்லலாமா என்று ஒருமுறை அவளிடம் கேட்டேன். "அதுக்குப் பேர் லோடு," என்றாள். "என்கிட்ட வர்றவங்க எல்லாம் லோடா வந்தவங்கதான்."

3

இங்கே விபத்து வர வேண்டும்.

மணி ஒன்பது இருபத்தைந்து. ஒரு திருப்பம். சைகை காட்டாமல் திரும்பிய ஒரு தண்ணீர் லாரி. அது நிற்கவில்லை, இன்றுவரை கிடைக்கவும் இல்லை. மாணவிக்குத் தோளெலும்பு உடைந்தது. என் மனைவி ஹெல்மெட் போட்டிருந்தாள். கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். போடவில்லை என்று சொன்னால் அவர்களுக்கு ஒரு நிம்மதி.

இதற்கு மேல் எழுத மாட்டேன். நான் அங்கே இல்லை. தான் இல்லாத இடத்தை வர்ணிக்கக் கதாசிரியருக்கு உரிமை உண்டு என்று கல்லூரியில் ஒரு முழுப் பருவம் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த உரிமை எனக்கு வேண்டாம்.

4

அவள் வேலை செய்த விதத்தைச் சொல்ல வேண்டும். கடிதத்தில் அது இல்லை.

பத்து நாள் பாடம். முதல் மூன்று நாள் பள்ளியின் மைதானத்தில், பள்ளியின் பழைய ஸ்கூட்டரில். மாணவி காலை ஊன்றி ஊன்றி நகர்த்துவார், இவள் பக்கத்தில் ஓடுவாள். நான்காம் நாள் பின்னால் ஏறி உட்கார்ந்து, மாணவியின் கைகளுக்கு மேல் தன் கைகளை வைப்பாள். ஆறாம் நாள் கைகள் தோளுக்கு வரும். எட்டாம் நாள் தன் முட்டிக்குப் போய்விடும். மாணவிக்குத் தெரியாது. 'கைய எடுத்து ரெண்டு ரவுண்டு ஆச்சு' என்று இவள் சொல்லும்போதுதான் தெரியும். அப்போது சிலர் அழுவார்கள். சிலர் வண்டியை அப்படியே போட்டுவிட்டு இறங்கி ஓடுவார்கள்.

பத்தாம் நாள் பாடம் அவளே கண்டுபிடித்தது. மாணவி சொந்த வண்டியைக் கொண்டுவர வேண்டும். மைதானத்திலிருந்து தன் வீட்டுக்கோ, வேலை செய்யும் இடத்துக்கோ, தினமும் போகப்போகிற அதே பாதையில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். இவள் பின்னால் இருப்பாள். போய்ச் சேர்ந்ததும் பாடம் முடியும். இவள் அங்கிருந்து பஸ் பிடித்து வருவாள், இல்லையென்றால் நடப்பாள். மைதானத்தில் வட்டம் போடத் தெரிந்து என்ன பயன், யார் வீடு மைதானத்தில் இருக்கிறது என்பது அவள் வாதம்.

முக்கியச் சாலையில் கற்றுக்கொடுக்கப் பள்ளிக்கு அனுமதி இல்லை. மேனேஜருக்கு இது நன்றாகத் தெரியும். பத்தாம் நாளைப் பற்றியும் தெரியும். பள்ளியின் வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள்: 'பத்தே நாளில் தனியாக ரோட்டில் ஓட்டலாம்.' அந்தப் பலகையைப் பார்த்துத்தான் ஆள் வந்தது. யார் முதுகில் யார் சவாரி செய்தார்கள் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சொல்லிவிட்டேன். இருக்கட்டும்.

அடுத்தது நேரத் தாள். இது கொஞ்சம் சலிப்பான விஷயம், ஆனால் கதை இதன் மேல்தான் நிற்கிறது. ஒவ்வொரு பயிற்சியாளருக்கும் வாரத்துக்கு ஒரு தாள். எந்த மாணவி, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை. தினமும் வகுப்பு முடிந்ததும் எழுத வேண்டும் என்பது விதி. ஆனால் தாள் இருக்கும் அலமாரியைப் பூட்டிக்கொண்டு மேனேஜர் காலையிலேயே உரிம அலுவலகத்துக்குப் போய்விடுவார். அதனால் அவரே ஒரு வழி சொன்னார். வாரம் முழுவதற்குமான நேரத்தை ஞாயிற்றுக்கிழமையே எழுதி, கையெழுத்தும் போட்டு, திங்கள் காலையில் கொடுத்துவிடுங்கள். நான்கு பயிற்சியாளர்களும் அப்படித்தான் செய்தார்கள். நடக்காத வகுப்புகள் எல்லாம் முடிந்துபோனவையாக அலமாரிக்குள் கிடந்தன.

5

மேனேஜரை வில்லனாக எழுத மூன்று நாள் முயன்றேன். முதல் வரைவில் தொந்தி வைத்தேன். இரண்டாவதில் தங்கப்பல். இரண்டும் பொய். ஆள் ஒல்லி. இருமல் உண்டு. நான் போனதும் மின்விசிறியைத் தன் பக்கமிருந்து என் பக்கம் திருப்பி வைத்தார். இது என் கோபத்தை அதிகப்படுத்தியது. கெட்டவர்கள் கெட்டவர்களாகவே இருந்தால் எழுதுகிறவனுக்கு எவ்வளவு சுலபம்.

ஏன் சவாரி என்று போட்டீர்கள் என்று கேட்டேன்.

"வக்கீல் 'பயணம்'னு போட்டிருந்தாரு சார். பயணம்னா ஏதோ ஊருக்குப் போற மாதிரி இருக்கு. நான்தான் மாத்தினேன். கொஞ்சம் நல்லா இருக்கட்டுமேன்னு."

நன்றாக இருக்கட்டுமே என்று.

பணி நேரம் என்று முடிவானால் பள்ளியை மூட வேண்டியிருக்கும் என்றார். சவாரி என்றால் பள்ளிக்குச் சம்பந்தமில்லை. அப்போது வண்டி ஓட்டிய அந்த அம்மா மேல் வழக்கு நிற்கும், பழகுநர் உரிமம் வைத்திருப்பவர் வகுப்பு நேரத்துக்கு வெளியே யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது, அவர் ஏற்றியிருக்கிறார். உரிமம் போகும், இனிமேல் வாங்கவும் முடியாது, தண்டனை என்ன என்பது விசாரணை அதிகாரி கையில். இதையெல்லாம் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்களுக்கு ஏன் சார் சங்கடம்? அந்தம்மாவாலதான உங்களுக்கு இந்த..."

வாக்கியத்தை முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை. அது இப்படியே கிடக்கட்டும்.

பிறகு அலமாரியைத் திறந்தார். அந்த வாரத்தின் தாளை எடுத்து என் முன்னால் வைத்து வியாழக்கிழமையின் கட்டத்தில் விரலை வைத்தார்.

"நாங்களா சொல்லலை சார். உங்க வீட்டம்மா கைப்பட எழுதினது. எட்டு டூ ஒன்பது. விபத்து ஒன்பது இருபத்தஞ்சுக்கு. அவங்களே வேலைய முடிச்சிட்டாங்க."

பார்த்தேன். கையெழுத்து அவளுடையது. மேலே இருந்த எழுத்து என்னுடையது. ஆறு நாளும், எல்லாக் கட்டமும்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது, நடந்ததைத்தானே எழுதியிருக்கிறோம் என்று பின்னாலிருந்து அவர் சொன்னது கேட்டது. மின்விசிறி இன்னும் என் நாற்காலியைப் பார்த்துத்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கும்.

* அடிக்குறிப்பு: ஞாயிற்றுக்கிழமைகள்

ஐந்தாம் பகுதிக்குள் இதை எழுத முடியவில்லை. அதனால் கீழே.

வாரம் முழுக்க ஸ்கூட்டர்களுக்குப் பக்கத்தில் ஓடுகிறவளுக்கு ஞாயிற்றுக்கிழமை கால் வீங்கியிருக்கும். தரையில் படுத்து இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொள்வாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளை நிரப்புவேன். "நீயே எழுதுடா. என் எழுத்தப் பார்த்தா யாராச்சும் மருந்து குடுத்துருவாங்க," என்பாள். கடைசியில் கையெழுத்து மட்டும் போடுவாள், படுத்தபடியே, தாளை என் முதுகில் வைத்து.

அந்த ஞாயிற்றுக்கிழமை வியாழனுக்கு வந்ததும், இது பத்தாம் நாள் ஆயிற்றே, எப்போது முடியும் என்று கேட்டேன்.

"அது முடியறப்ப முடியும். எட்டு ஒன்பதுன்னே போடு. பத்தரைன்னு போட்டா மேனேஜருக்கு மூச்சு வாங்கும்."

போட்டேன். பிழை என்று தெரிந்தே விட்டேன். பிழை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவன் நான்.

6

என் மாமனார் முப்பத்திரண்டு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறார். அவர் வீட்டில் சவாரி என்றால் பயணி. 'அப்பா, சவாரி வெளிய நிக்குது' என்று சொல்லி வளர்ந்தவள் இவள். இரண்டாம் பகுதியில் இந்தப் பொருளை விட்டது வேண்டுமென்றே. அவருக்கென்று தனியிடம் வேண்டும்.

கடிதத்தைக் காட்டினேன். கொதித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன், அதற்கேற்ப அவருக்கு ஒரு வசனமும் மனதில் எழுதி வைத்திருந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். மடித்துக் கொடுத்தார்.

"சரியாத்தான எழுதியிருக்கான்."

மடித்ததைப் பிரித்து மறுபடியும் அவர் முன்னால் வைத்தேன்.

"சவாரின்னு ஏத்தினா பத்திரமா இறக்கிவிடணும் மாப்ள. தூங்கிப்போன சவாரிய எழுப்பி, கதவு திறக்கற வரைக்கும் நின்னுட்டு வந்திருக்கேன். எம்பொண்ண அந்தம்மா ஏத்துனாங்க. இறக்கலை. கையெழுத்துப் போடுங்க."

மேனேஜர் சொல்லை நன்றாக இருக்கட்டும் என்று போட்டார். மாமாவுக்கு அது அவர் தொழிலின் சத்தியம். இரண்டு பேரும் ஒரே கோட்டைக் காட்டி ஒரே இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். எழுதுகிறவன் இதை இட்டுக்கட்டியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

பாடம் நடக்கும்போது முன்னால் இருப்பவர் டிரைவர் இல்லை, பின்னால் சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருப்பவள்தான் டிரைவர் என்று அவரிடம் வாதம் செய்தேன். கொஞ்சம் சத்தமாகவே செய்தேன்.

கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அப்ப எம்பொண்ணுதான் கொண்டுபோய் மோதினாளா?"

பதில்:

[இந்த இடத்தை நிரப்பப் பத்து வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். லாரி, சைகை, திருப்பம் என்று எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்டது அதுவல்ல.]

தாளில் இருந்த எழுத்து யாருடையது என்று அவரிடமும் சொல்லவில்லை.

7

மாணவிகளுக்கு அவள் பட்டப்பெயர் வைப்பாள். கண்ணாடியே பார்க்காதவருக்குக் கண்ணாடி. எதற்கெடுத்தாலும் சத்தம் எழுப்புபவருக்கு ஹார்ன். கடைசி மாணவி, நாற்பத்தாறு வயது, வீடு வீடாகப் போய் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பவர். எறும்பு குறுக்கே போனாலும் நிறுத்துவார். அதனால் பிரேக்கம்மா.

இவரைப் பற்றி நான் முதலில் எழுதிய வரிகள்:

'பிரேக்கம்மா ஒரு முட்டாள். முட்டாள்கள் சாவதில்லை, அவர்கள் மற்றவர்களை

'என்றாவது ஒருநாள் அவளை நேரில் பார்த்தால் நான்

நேரில் பார்த்தேன். சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தார். கணவரின் வண்டியில் பின்னால் ஒரு பக்கமாக உட்கார்ந்து வந்தார். கணவர் இறங்கவில்லை, இன்ஜினையும் நிறுத்தவில்லை. அழுவார், மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். மன்னிக்கக் கூடாது என்று முடிவுசெய்து வாசலிலேயே நின்றேன். அவர் என் கையைப் பார்த்தார்.

"உங்களுக்கு நரம்பு நல்லாத் தெரியுது தம்பி," என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "தொழில் புத்தி. தப்பா எடுத்துக்காதீங்க."

உள்ளே வரச் சொன்னேன். உட்கார்ந்தார். இடது தோளைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருந்தார், உள்ளே தகடு இருக்கிறது. அவருக்கும் ஒரு கடிதம் வந்திருந்தது. 'வகுப்பு முடிந்தபின் பயிற்சியாளரை எனது வண்டியில் சவாரியாக ஏற்றிச் சென்றேன்.' கீழே கோடு. கணவர் போடச் சொல்கிறாராம். அபராதத்தோடு முடிந்துவிடும், இனி வண்டியைத் தொட முடியாது, அவ்வளவுதானே என்கிறாராம்.

"அவருக்கு அது அவ்வளவுதான்," என்றார். "காலையில அஞ்சரைக்கு முதல் வீடு தம்பி. வெறும் வயித்தோட காத்திருப்பாங்க. அவர் எழுந்து கொண்டுவந்து விட்டாத்தான் எனக்கு வேலை. ஒருநாள் கோபம்னா எழுந்துக்க மாட்டாரு. அதுக்குத்தான் கத்துக்கிட்டேன்."

வெளியே இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்டனை எதுவானாலும் சரின்னு இருக்கேன். ஆனா இதுல போட மாட்டேன். நான் டீச்சர ஏத்திட்டுப் போகல. அவங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போனாங்க. கடைசி வரைக்கும் சொல்லிக்குடுத்துட்டே வந்தாங்க. கடைசியா என்ன சொன்னாங்கன்னு சொல்லவா?"

தலையாட்டினேன். சொன்னார். மூன்று சொற்கள்.

அதை இங்கே எழுத மாட்டேன். இவ்வளவு தூரம் படித்துக்கொண்டு வந்ததால் உங்களுக்கு அதில் உரிமை வந்துவிடாது. ஆனால் வேலை முடிந்து காற்று வாங்கப் போகிறவள் சொல்லும் சொற்கள் அல்ல அவை. இது போதும்.

பிறகு அவர் கேட்டார். திட்டமிட்டுக் கேட்கவில்லை, உண்மையாகவே புரியாமல் கேட்டார்.

"ஒண்ணுதான் தம்பி எனக்குப் புரியல. தாள்ல டீச்சரே எட்டு டூ ஒன்பதுன்னு எழுதியிருக்காங்களாமே. டீச்சர் பொய் எழுத மாட்டாங்களே?"

"அது என் எழுத்து," என்றேன்.

ஐந்து மாதத்தில் அதை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றியும் சொன்னேன். ஹார்ன் சத்தம் கேட்டது. அவர் எழவில்லை. மறுபடியும் கேட்டது. எழுந்தார்.

"அப்ப நீங்கதான் சொல்லணும்."

திட்டியிருக்கலாம். என் மனைவியைக் கொன்றது யார் என்று மனதில் ஐந்து மாதமாக நான் அவரைக் கேட்டுக்கொண்டிருந்ததற்குப் பதிலுக்கு, அவர் மேல் வழக்கு நிற்கக் காரணம் யார் என்று அவர் என்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. போய்க் கணவருக்குப் பின்னால் ஒரு பக்கமாக ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டார். லோடு.

8

முடிவுகள். நீங்களே தேர்ந்தெடுக்கலாம் என்று சொல்வதற்காக மூன்று எழுதினேன்.

(அ) கையெழுத்துப் போடுகிறேன். மகள் போனதிலிருந்து சரியாகச் சாப்பிடாத மாமா சாப்பிட ஆரம்பிக்கிறார். பள்ளியின் பலகை அப்படியே இருக்கிறது. பிரேக்கம்மா காலை ஐந்தரைக்கு முன் ஒருவர் எழுந்திருப்பாரா என்று கட்டிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். என் மனைவி வேலை முடிந்து ஊர் சுற்றப் போனவளாக ஒரு கோப்பில் இருக்கிறாள். கோப்புக்கு எண் போடுகிறார்கள்.

(ஆ) புதன்கிழமை உண்மையைச் சொல்கிறேன். அப்படியானால் தாள் முழுக்கப் பொய்யா என்று கேட்பார்கள். ஆமாம். ஒவ்வொரு வாரமுமா? ஆமாம். மேனேஜர் சொல்லித்தான் என்பேன், அவர் இருமிவிட்டு மறுப்பார். மற்ற மூன்று பயிற்சியாளர்களின் தாளையும் எடுப்பார்கள், அவர்களுக்கு வேலை போகும். சவாரி போனவள் என்பதற்குப் பதிலாகப் பொய் நேரம் எழுதியவள் என்று அவளுக்கு ஒரு புதுப் பட்டம் கிடைக்கும். மாமா கேட்ட கேள்வியை அதிகாரியும் கேட்பார்.

(இ) நானும் பிரேக்கம்மாவும் அதே வண்டியில் அதே பாதையில் போகிறோம். அவர் ஓட்டுகிறார், நான் பின்னால். திருப்பம் வருகிறது. அவர் நடுங்குகிறார். நான் ஏதோ சொல்கிறேன். கடந்துவிடுகிறோம். இருவரும் அழுகிறோம். முற்றும்.

இந்த மூன்றாவதுதான் உங்களுக்குப் பிடித்திருக்கும். எனக்கும் எழுதும்போது கண் கலங்கியது. அதனால்தான் அதை அடிக்கிறேன். என் மனைவியின் மரணத்தில் ஏறி, நெஞ்சு லேசாகி, நல்ல இடத்தில் இறங்கிக்கொள்வதற்குப் பெயர் என்ன என்று இரண்டாம் பகுதியில் பார்த்துக்கொள்ளுங்கள். எழுதுகிறவனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

9

இன்று செவ்வாய்க்கிழமை. மதியம். அலுவலகத்தில் விடுப்பு சொல்லிவிட்டேன்.

பள்ளியின் கடிதத்தில் கோடு காலியாக இருக்கிறது. விசாரணைப் படிவம் ஒன்றும் தந்திருக்கிறார்கள். கணவரின் வாக்குமூலத்துக்கு நான்கு வரி இடம் விட்டிருக்கிறார்கள். நான்கு வரியில் எழுதிப் பார்த்தேன். 'நேரத் தாளில் உள்ள எழுத்து என்னுடையது. வகுப்பு நடப்பதற்கு நான்கு நாள் முன்பே எழுதினேன். அன்று வகுப்பு ஒன்பது மணிக்கு முடியவில்லை.' மூன்று வரிதான் ஆயிற்று. நான்காவதில் 'இணைப்பைப் பார்க்கவும்' என்று எழுதினேன்.

இணைப்பு இதுதான். நீங்கள் படித்துக்கொண்டிருப்பது. ஆரம்பத்திலிருந்தே கையால் எழுதிக்கொண்டு வருகிறேன். நேரத் தாளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிபுணர் யாரும் தேவைப்படாது. அடித்த வரிகளை எடுக்கவில்லை. பிரேக்கம்மாவை முட்டாள் என்று எழுதியதும் இருக்கட்டும். மேனேஜருக்கு வைத்த தங்கப்பல்லும் இருக்கட்டும்.

ஆகவே, இவ்வளவு நேரம் வாசகர் என்று நினைத்துப் பேசிக்கொண்டிருந்த உங்களுக்கு இரண்டாவது இடம்தான். முதல் வாசகர் விசாரணை அதிகாரி. கதை படிக்கும் வழக்கம் அவருக்கு உண்டா தெரியாது. இரண்டாம் பக்கத்திலேயே மூடி வைத்துவிடலாம். முடிவை எழுதுவது அவர் வேலை. அவர் அதைச் செய்யாமல் போனால் உங்கள் வேலை.

காலையில் மாமாவுக்குப் போன் செய்தேன். தாளில் எழுதியது நான் என்று சொன்னேன். அந்தப் பக்கம் வண்டி ஓடும் சத்தம் நின்றது. ஓரம் கட்டியிருக்க வேண்டும். பிறகு, "நாளைக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். பத்து என்றேன். "சரி," என்றார். கோபமா என்று தெரியவில்லை. வருவாரா என்றும் தெரியவில்லை. இதை நான் ஊகித்து எழுதப் போவதில்லை.

படிவத்தில் ஒரு கட்டம் மீதி இருக்கிறது. ஏழாவது. அதையும் உறவினரே நிரப்பலாம் என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். பேனாவை எடுத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நிரப்ப மாட்டேன். அவளுக்காக ஏற்கெனவே ஒரு கட்டத்தை நிரப்பியிருக்கிறேன்.

7. விபத்து நடந்த நேரத்தில் இறந்தவர் செய்துகொண்டிருந்தது: ……………………………………